பார்க்காத மாதத்துக்கு எதற்குப் பணம்?

(தேசிய நுகர்வோர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நுகர்வோர் தினக் கூட்டம் என்றால் எடைக் குறைவு, கலப்படம், காலாவதியான மருந்து என்றுதான் வழக்கமாகப் பேசுவார்கள். 1986-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அந்த நாளைத்தான் இன்று கொண்டாடுகிறோம். அன்று சட்டம் எழுதியவர்கள் மனத்தில் தராசும் ரசீதும் கடைக்காரரும் இருந்திருப்பார்கள். இன்று நான் பேசப்போகிற சரக்குக்குத் தராசு கிடையாது, கடை கிடையாது, விற்பவர் முகமும் தெரியாது. ஆனால் மாதம் தவறாமல் நம் கணக்கிலிருந்து காசு மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. இணையம் வழியாகப் படமும் தொடரும் காட்டுகிற ஓடிடி சேவைகளின் சந்தாவைத்தான் சொல்கிறேன்.

படம் பார்க்காதீர்கள், சீரியல் பார்க்காதீர்கள் என்று புத்திமதி சொல்ல நான் வரவில்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் படம் பார்ப்பதில் என்ன தவறு? பார்ப்பதற்குக் காசு கொடுங்கள். பார்க்காத மாதத்துக்கும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இன்று நான் சொல்லப்போவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்று முதலில் பார்ப்போம். கேபிள் காலத்தில் வீட்டுக்கு ஒரே ஒயர் வந்தது. மாதம் ஒருமுறை ஆள் வந்து காசு வாங்கி, அட்டையில் குறித்துவிட்டுப் போவார். 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சேனலுக்கும் என்ன விலை என்று வெளியே சொல்ல வேண்டும், வேண்டிய சேனலை நாமே பொறுக்கிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த ஏற்பாட்டில் ஆயிரம் குறை இருந்தது. ஆனாலும் விலையைப் பற்றிக் கேட்பதற்கு மேலே ஓர் ஆணையம் இருந்தது. ஓடிடிக்கு அப்படி எதுவும் இல்லை. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், எந்தப் படம் எந்த வயதினருக்கு என்று குறிக்கச் சொல்கின்றன. குறைதீர் அலுவலரை நியமிக்கச் சொல்கின்றன. விலையைப் பற்றி அவை வாய் திறக்கவில்லை.

இன்று ஜியோஹாட்ஸ்டார் என்று பெயர் மாறியிருக்கும் ஹாட்ஸ்டார் 2015-ல் வந்தது. 2016 ஜனவரியில் நெட்ஃப்ளிக்ஸும் அந்த ஆண்டு டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோவும் இந்தியாவுக்குள் வந்தன. 2017-ல் சன் நெக்ஸ்ட். அப்போதெல்லாம் நம் ஊரில் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கொரோனா ஊரடங்குதான் நிலைமையை மாற்றியது. தியேட்டர் மூடிக் கிடந்த 2020 மே மாதத்தில் 'பொன்மகள் வந்தாள்' நேராக பிரைமில் வெளியானது. அதே ஆண்டு நவம்பரில் 'சூரரைப் போற்று', அடுத்த ஆண்டு 'சார்பட்டா பரம்பரை', 'ஜெய் பீம்' எல்லாம் அங்கேயே வந்தன. 'ஜகமே தந்திரம்' நெட்ஃப்ளிக்ஸுக்குப் போனது. தியேட்டர் திறந்த பிறகும் இந்தப் பிரிவினை நிற்கவில்லை. 'விக்ரம்' ஹாட்ஸ்டாரில், 'விடுதலை' ஜீ5-இல், 'மகாராஜா' நெட்ஃப்ளிக்ஸில் என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டன.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு படத்தின் டிஜிட்டல் உரிமையைப் பெரும்பாலும் ஒரே நிறுவனம்தான் வாங்குகிறது. அதனால் இந்தக் கடையில் விலை அதிகம், அடுத்த கடைக்குப் போகிறேன் என்று நாம் சொல்ல முடியாது. அந்தப் படம் அடுத்த கடையில் இருக்காது. அடுத்த கடையில் வேறொரு படம் இருக்கும். அதற்கு அங்கேயும் ஒரு சந்தா கட்ட வேண்டும். ஒவ்வொரு படமும் நம்மை ஒரு புதிய சந்தாவுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, சந்தா முடிவதில்லை.

இப்போது ஒரு வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். அப்பா, அம்மா, கல்லூரிக்குப் போகும் மகள், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன். 2025-ல் அறிவிக்கப்பட்டிருந்த விலைகளை வைத்துச் சொல்கிறேன். விலை மாறிக்கொண்டே இருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது. நெட்ஃப்ளிக்ஸ் ஸ்டாண்டர்டு மாதம் 499 ரூபாய், ஆண்டுக்கு 5,988. அமேசான் பிரைம் ஆண்டுக்கு 1,499. 2025 ஜூனிலிருந்து பிரைம் வீடியோவில் விளம்பரம் வரத் தொடங்கியது. அது வேண்டாம் என்றால் ஆண்டுக்கு இன்னொரு 699. ஜியோஹாட்ஸ்டார் பிரீமியம் ஆண்டுக்கு 1,499. யூடியூப் பிரீமியம் மாதம் 149, ஆண்டுக்கு 1,788. கூட்டிப் பாருங்கள். 11,473 ரூபாய். பிராட்பேண்ட் கட்டணமும் கேபிள் கட்டணமும் இதில் சேரவில்லை.

இந்த வீட்டில் போய், வருஷத்துக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் படத்துக்குச் செலவு செய்கிறீர்களே என்று கேட்டால் நம்ப மாட்டார்கள். அது ஒரே தொகையாகக் கையை விட்டுப் போகவில்லை. 149 ஒரு நாள், 499 இன்னொரு நாள், 1,499 வேறொரு மாதம் என்று போகிறது. அதோடு, கட்டுகிறவர் ஒருவர், பார்க்கிறவர் வேறொருவர். மகன் பெங்களூரிலிருந்து நெட்ஃப்ளிக்ஸுக்குக் கட்டுகிறான், அப்பா அம்மா பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு. அம்மா பார்ப்பது விஜய் டிவி சீரியல். அது ஹாட்ஸ்டாரில் இருக்கிறது. அப்பா பழைய பாட்டு கேட்கிறார். அது யூடியூபில் இருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸை அந்த வீட்டில் பல மாதங்களில் ஒருநாள்கூடத் திறப்பதில்லை. மகனுக்கு அது தெரியாது. தெரிந்தால் பையன் வருத்தப்படுவானே என்று அம்மா சொல்வதும் இல்லை. அதனால் முதல் வேலை கணக்குக்கூடக் கிடையாது. குடும்பத்தோடு உட்கார்ந்து, "நீங்க எதைப் பார்க்கிறீங்க?" என்று கேட்க வேண்டும். போன தீபாவளியிலிருந்து ஒருவர்கூடத் திறக்காத சேவை எது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, சேவைகளை ஒன்று மாற்றி ஒன்றாக வைத்துக்கொள்வது. ஊருக்குப் போகும்போது பால்காரரிடமும் பேப்பர் போடும் தம்பியிடமும் "பத்து நாளைக்குப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தானே கிளம்புகிறோம்? ஓடிடியிடம் மட்டும் ஏன் அதைச் சொல்வதில்லை? நெட்ஃப்ளிக்ஸுக்கு இங்கே நேரடியாக ஆண்டுச் சந்தா கிடையாது, மாதச் சந்தா மட்டும்தான். அப்படியென்றால் விலகி விலகிச் சேர்வதால் நமக்கு ஒரு ரூபாய் நஷ்டமும் இல்லை. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் தியேட்டருக்கு வந்து நான்கு வாரம் ஆனதும் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. பொங்கல் படம் பிப்ரவரியில் வரும், தீபாவளிப் படம் நவம்பர், டிசம்பரில் வரும். ஒரு படம் வந்த அன்றே ஓடிப்போய்ச் சேராதீர்கள். சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் பெயரை எழுதிப் போடுங்கள். நாலைந்து பெயர் சேர்ந்ததும் ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள், பாருங்கள், நிறுத்துங்கள். வாரம் ஒரு பகுதியாக வருகிற தொடர் என்றால் கடைசிப் பகுதி வந்த பிறகு சேருங்கள். தியேட்டரைத் தவறவிட்டு நான்கு வாரம் காத்திருந்த நமக்கு இன்னும் நான்கு வாரம் காத்திருப்பது பெரிய தவமில்லை.

ஆண்டுச் சந்தா மலிவு என்பார்கள். எப்போது மலிவு? பிரைமுக்கு மாதம் 299, ஆண்டுக்கு 1,499. ஐந்து மாதத்துக்கு மாதாமாதம் கட்டினால் 1,495. ஆக, வருஷத்தில் ஐந்து மாதத்துக்கு மேல் பார்ப்பீர்கள் என்றால்தான் ஆண்டுச் சந்தாவில் லாபம். ஜியோஹாட்ஸ்டார் பிரீமியமும் இதே 299, இதே 1,499 என்றுதான் தொடங்கியது. இரண்டு நிறுவனங்களும் ஒரே எண்ணைப் போட்டிருந்ததைக் கவனித்தீர்களா? 'ஐந்து மாத விலையில் பன்னிரண்டு மாதம்' என்று கேட்டால் யாருக்கும் ஆசை வரும். மீதி ஏழு மாதமும் திறந்து பார்ப்போமா என்று அந்த நேரத்தில் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. பிரைமில் சாமான் டெலிவரியும் சேர்ந்திருக்கிறது, அதனால் அடிக்கடி ஆர்டர் போடுகிற வீட்டுக்கு ஆண்டுச் சந்தா சரிதான். கிரிக்கெட்டுக்காக மட்டும் ஹாட்ஸ்டார் வேண்டும் என்றால் ஐபிஎல் இரண்டு மாதம்தான். அதற்கு, 2025-ல் 299 ரூபாய்க்குக் கிடைத்த மூன்று மாத சூப்பர் ப்ளானே போதும்.

அந்தக் குடும்பத்தின் கணக்கை இப்போது அதே 2025 விலைகளில் திருப்பிப் போடுவோம். நெட்ஃப்ளிக்ஸ் பொங்கலுக்குப் பின், கோடை விடுமுறையில், தீபாவளிக்குப் பின் என்று மூன்று மாதம்: 1,497. பிரைம் ஆண்டுக்கு, விளம்பரத்தோடு: 1,499. ஹாட்ஸ்டார் சூப்பர் மூன்று மாதம்: 299. யூடியூபில் விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். மொத்தம் 3,295. மிச்சம் 8,178 ரூபாய். அம்மா வருஷம் முழுக்க சீரியல் பார்ப்பார் என்றால் ஹாட்ஸ்டார் சூப்பரை ஆண்டுக்கு 899 கட்டி வைத்துக்கொள்ளட்டும். அப்போதும் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல் மிச்சமாகும். இந்த வீட்டில் ஒரு படமும் குறையவில்லை.

மூன்றாவது, நம் டிவிக்கு ஏற்ற ப்ளான். நெட்ஃப்ளிக்ஸ் பிரீமியம் 649 ரூபாய், அதில் 4கே தரம், ஒரே நேரத்தில் நான்கு திரை. பேசிக் 199 ரூபாய், 720பி தரம், ஒரு திரை. உங்கள் வீட்டு டிவி 32 அங்குலமா? அதன் பெட்டியைத் தேடி எடுத்துப் பாருங்கள். அநேகமாக 'எச்டி ரெடி' என்று போட்டிருக்கும். அந்தத் திரையால் 720பி அளவுக்கு மேல் பெரிதாக எதையும் காட்ட முடியாது. 4கே ப்ளான் வாங்கினாலும் அந்த டிவியில் 4கே தெரியப் போவதில்லை. மாதம் 450 ரூபாய் அதிகம், ஆண்டுக்கு 5,400. இருப்பதோ இரண்டு பேர், ஒரு டிவி. நான்கு திரை யாருக்கு?

நான்காவது, ஏற்கெனவே கையில் இருப்பது. ரீசார்ஜ் பேக்கிலும் பிராட்பேண்ட் ப்ளானிலும் ஓடிடியைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பலர் அதைச் செயல்படுத்துவதே இல்லை. இன்னும் சிலர் பிராட்பேண்டோடு வந்த ஹாட்ஸ்டாரை வைத்துக்கொண்டே, தனியாக இன்னொரு ஹாட்ஸ்டாருக்கும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து, ப்ளானில் என்ன அடங்கியிருக்கிறது என்று படியுங்கள். அதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். மொபைலில் மட்டுமா, டிவியிலும் வருமா? பேக் முடியும் நாளில் அதுவும் முடிகிறதா? ஓடிடி இருக்கிறதே என்பதற்காக 300 ரூபாய் கூடுதல் ப்ளானுக்கு மாறுவதும் சந்தா கட்டுவதும் ஒன்றுதான். அதை இலவசம் என்று நினைக்க வேண்டாம். உண்மையிலேயே இலவசமாகவும் நிறைய இருக்கிறது. யூடியூபில் தயாரிப்பு நிறுவனங்களே போட்டிருக்கும் பழைய படங்கள் ஏராளம். பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற ஓடிடியைத் தொடங்கியது. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தாய்மார்களும் பெரியவர்களும் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். போனிலிருந்து ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடாது. ஆப் போய்விடும், காசு போய்க்கொண்டேதான் இருக்கும். நாம் சேரும்போது 'ஆட்டோபே' என்று ஒன்றுக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறோம். யூபிஐ ஆட்டோபே 2020-ல் வந்தது. 'முதல் மாதம் 1 ரூபாய்' என்று வந்த விளம்பரத்தில் அந்த ஒரு ரூபாய்க்காகப் பின் நம்பர் போட்டோமே, அதுதான் சம்மதம். அந்தத் திரையைப் பொறுமையாகப் படித்திருந்தால் அதில் 'அதிகபட்சத் தொகை', 'எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை', 'எந்தத் தேதி வரை' என்று மூன்று வரிகள் இருந்திருக்கும். நம் கண் ஒரு ரூபாயிலேயே நின்றுவிடுகிறது.

ரிசர்வ் வங்கி நமக்கு இதில் ஒரு பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. 2021 அக்டோபர் முதல் நாளிலிருந்து, இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகவே நமக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதியில் என்று அதில் இருக்கும். வேண்டாம் என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காமலே எடுக்கலாம் என்பதால் அந்த எஸ்எம்எஸ் ஒன்றுதான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. அதைத்தான் நாம் விளம்பர எஸ்எம்எஸ் கூட்டத்தோடு சேர்த்துத் தள்ளிவிடுகிறோம்.

நிறுத்துவது எப்படி? எந்த வழியில் சேர்ந்தோமோ அந்த வழியில்தான் நிறுத்த வேண்டும். கூகுள் ப்ளே வழியாகக் கட்டியிருந்தால் அங்கே 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதியில் இருக்கும். அந்த நிறுவனத்தின் தளத்திலேயே கட்டியிருந்தால் 'அக்கவுன்ட்' பகுதியில் இருக்கும். யூபிஐ என்றால் கூகுள் பே, போன்பே போன்ற ஆப்களில் உங்கள் படத்தைத் தொட்டால் 'ஆட்டோபே' என்று ஒரு பட்டியல் வரும். அங்கே நிறுத்தினால் பணம் போவது நிற்கும், ஆனாலும் சேவையின் தளத்திலும் ரத்து செய்துவிடுவதுதான் முறை. ரத்து செய்யப் போனால் "நிச்சயமாகவா?" என்று கேட்பார்கள். இழக்கப்போகும் படங்களின் போஸ்டரை வரிசையாகக் காட்டுவார்கள். 'தொடர்கிறேன்' என்ற பட்டன் பளிச்சென்று பெரிதாக இருக்கும். 'ரத்து' சாம்பல் நிறத்தில் கீழே ஒதுங்கியிருக்கும். கீழே வரை போங்கள். ரத்து ஆகிவிட்டது என்று மின்னஞ்சல் வரும் வரை வேலை முடியவில்லை.

ஒரு எளிய பழக்கம் சொல்கிறேன். ஒரு மாதத்துக்குச் சேர்ந்தால், சேர்ந்த அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான சேவைகளில் கட்டிய காலம் முடியும் வரை படம் ஓடும். மாதக் கடைசியில் மறந்துபோனால்கூடக் காசு போகாது. வேண்டுமென்றால் திரும்பவும் கட்டலாம். ஒருவரும் கதவைச் சாத்திவிட மாட்டார்கள்.

நிறுத்த முடியாதபடி ஒளித்து வைத்திருந்தால்? அது சட்டப்படி தவறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நுகர்வோரை மயக்கும் 13 வகைத் தந்திரங்களை அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். சந்தாப் பொறியும் அதில் ஒன்று. ரத்து செய்யும் வழியை மறைப்பது, அதைச் சிக்கலாக்குவது, இலவசமாகப் பார்க்கத் தருகிறேன் என்று சொல்லி முதலிலேயே வங்கி விவரத்தைக் கேட்டுக் கட்டாயப்படுத்துவது எல்லாம் அதற்குள் அடங்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் கொடுக்கலாம். 199 ரூபாய்க்கெல்லாம் புகாரா என்று கூச்சப்படாதீர்கள். ஒரு லட்சம் பேரிடம் 199 எடுத்தால் அது கிட்டத்தட்ட இரண்டு கோடி.

மாணவர்கள் சிரிப்பது தெரிகிறது. "டெலிகிராமில் எல்லாம் கிடைக்குமே சார்" என்பதுதானே? சிக்கனம் வேறு, திருட்டு வேறு. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து பரப்புகிறவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, குறைந்தது மூன்று லட்சம் ரூபாய் அபராதம். சட்டத்தை விடுங்கள். அந்த லிங்க்குகளோடு என்னென்ன உங்கள் போனுக்குள் இறங்குகிறது என்று உங்களுக்கே தெரியாது, அதே போனில்தான் வங்கி ஆப்பும் இருக்கிறது. பாஸ்வேர்டைப் பகிர்வதும் பழைய மாதிரி இல்லை. 2023 ஜூலையிலிருந்து நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டது.

நாம் நான்கு பேர் சந்தாவை நிறுத்துவதால் அவ்வளவு பெரிய நிறுவனம் அசைந்துவிடுமா என்று கேட்கலாம். அசைந்திருக்கிறது. 2021 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவில் விலையைக் குறைத்தது. 499 ஆக இருந்த பேசிக் ப்ளான் 199 ஆனது. 199 ஆக இருந்த மொபைல் ப்ளான் 149 ஆனது. அடுத்த மாதமே அதன் அப்போதைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், மற்ற நாடுகளில் கிடைத்த வெற்றி இந்தியாவில் கிடைக்கவில்லையே என்று முதலீட்டாளர்களிடம் வெளிப்படையாக ஆதங்கப்பட்டார். அந்த விலைக் குறைப்பை எந்த ஆணையமும் உத்தரவு போட்டு வாங்கித் தரவில்லை. இந்த விலைக்கு வேண்டாம் என்று இங்கே கோடிக்கணக்கானவர்கள் வாங்காமல் இருந்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. விலையைக் கேட்க ஆள் இல்லாத சந்தையில் நுகர்வோர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் விலகுவதுதான். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா, முதல் வேலையாக அந்த ஆயுதத்தைத்தான் பிடுங்கிக்கொள்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து, வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். மாணவர்கள் உங்கள் அப்பா அம்மாவுக்கும் தாத்தா பாட்டிக்கும் அதைத் திறந்து காட்டுங்கள். போன மாதம் யாருமே பார்க்காத சேவை எதுவோ, அதை இன்றைக்கே நிறுத்துங்கள். படம் எங்கும் ஓடிவிடாது. பார்க்கும் ஆசை வரும் மாதத்தில் காசு கட்டி நிம்மதியாகப் பாருங்கள்.